பின்சீட்டில் பட்டாணி

ஜூன் 5, வெள்ளி

காலேஜ் ரெகார்டு நோட்டில் எழுபது பக்கம் மிச்சம் கிடக்கிறது. பதினொரு அரியரோடு மூன்றாவது செமஸ்டரில் வெளியே வந்தவனுக்கு அது எதற்கு? இதில் எழுதப் போகிறேன். யாரும் படிக்கப் போவதில்லை. அதனால் நல்லவன் வேஷம் போட வேண்டியதில்லை.

நாளைக்குப் புதுச் சவாரி. நாயைக் கூட்டிக்கொண்டு பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்கு. வண்டி மாமாவுடையது. மாமா என்றால் மேகலா அக்காவின் வீட்டுக்காரர், ஆறுச்சாமி. டபுள் கேபின் பிக்கப். முன்னால் இரண்டு பேர், பின்சீட்டில் மூன்று பேர், அதற்கும் பின்னால் காய்கறி மூட்டை ஏற்றும் தொட்டி. வால்பாறைக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவில் நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்ட பலகை. எனக்கு இப்போது எந்தப் பாடமும் ஞாபகமில்லை, அந்த நாற்பதும் ஞாபகம் இருக்கிறது.

வண்டி வாங்கிப் பதினாலு மாசம் ஆகிவிட்டது. பின்சீட்டில் கம்பெனியில் மாட்டிய பாலித்தீன் கவரை மாமா இன்னும் கழற்றவில்லை. உட்கார்ந்தால் சரசரவென்று சத்தம், வெயிலில் தொடையோடு ஒட்டிக்கொள்ளும்.

"கவரு இருக்கற வரைக்குந்தான் மாப்ள புது வண்டி. கழட்டிட்டா பழசு."

"அப்புறம் நாய எதுக்கு மாமா ஏத்தறீங்க?"

"ஃப்ளோரா டீச்சர் கேட்டா என்னன்னு சொல்ல? எட்டாவதுல என்னையக் கணக்குல பாஸ் போட்டதே அந்தம்மாதான். ஆறு வாரம், சனிக்கெழமைக்குச் சனிக்கெழமை. ஆனா ஒண்ணு. சீட்டுல ஒரு முடி பாத்தேன், உன்ற மண்டைல ஒரு முடி இருக்காது."

ஜூன் 6, சனி

நாயின் பேர் பட்டாணி. பத்து வயசுப் பெட்டை, பழுப்பு நிறம். எந்த ஜாதி என்று கேட்டால் டீச்சர், "வால்பாறை ஜாதி" என்கிறார். உடம்பெல்லாம் சொறி, அதற்குத்தான் வாரம் ஒரு ஊசி. மஞ்சளாக ஒரு களிம்பு பூசியிருக்கிறார்கள், கந்தக நாற்றம். டீச்சருக்கு முட்டி வலி, மலை இறங்க முடியாது. அதனால் அவர் வீட்டில் வேலை செய்யும் மருதாயி அக்கா கூட வந்தது. நாற்பது வயசு இருக்கும். முன்பு தேயிலை பறித்தது, ஆறு வருஷமாக டீச்சர் வீட்டில்தான். பட்டாணியை டீச்சரைவிட அதிகம் வளர்த்தது அதுதான் என்று ஏறும்போதே சொல்லிவிட்டது.

மேகலா அக்காவின் பழைய போர்வையைச் சீட்டில் விரித்திருந்தேன். மூன்றாவது வளைவு தாண்டுவதற்குள் போர்வை சுருண்டு ஒரு மூலைக்குப் போய்விட்டது. பட்டாணி கம்மென்று இருந்தது. வாந்தி எடுத்தது மருதாயி அக்காதான். வளைவுக்கு ஒன்று.

"நாய் பரவால்லக்கா, நீங்கதான் மோசம்."

"அது நாலு கால்ல நிக்குது தம்பி. எனக்கு ரெண்டுதான்."

சாயங்காலம் மாமா வண்டியைப் பார்த்தார். பாலித்தீனில் மஞ்சள் களிம்பு, முடி, ஜன்னல் ஓரத்தில் மருதாயி அக்காவின் காலை இட்லி.

"ஒரு சீட்டக்கூடக் காப்பாத்தத் தெரியல. உன்னைய நம்பிக் காலேஜுல வேற சேத்துனாங்க."

மேகலா அக்கா கேட்டுக்கொண்டே சோறு போட்டாள்.

ஜூன் 13, சனி

போனில் ஒரு வீடியோ பார்த்தேன். வெள்ளைக்காரன் ஒருத்தன் தடித்த துணியின் ஒரு பக்கத்தை முன்சீட்டுத் தலையணையில் கட்டுகிறான், இன்னொரு பக்கத்தைப் பின்சீட்டுத் தலையணையில். நடுவில் தொட்டில் மாதிரித் தொங்குகிறது. கால் வைக்கும் பள்ளம் மூடிக்கொள்கிறது. நாய் உருண்டாலும் அதற்குள்ளேதான் உருளும். சீட்டுக்கும் நல்லது, நாய்க்கும் நல்லது.

மூட்டை மூடுகிற தார்ப்பாயை அப்படியே கட்டினேன். இருபது நிமிஷம் ஆனது. பட்டாணி போக வர இரண்டு தடவையும் தூங்கியது. மருதாயி அக்கா வாந்தி எடுக்கப் பிளாஸ்டிக் பை கொண்டு வந்திருந்தது. நான் பெரிய விஞ்ஞானி ஆகிவிட்ட மாதிரி இருந்தேன்.

வந்ததும் மாமா மோந்து பார்த்தார். "இந்தத் தார்ப்பாய நாளைக்குக் கேரட்டு மேல போடணும். ஓட்டல்காரன் வாங்குவானா? கந்தகமா நாறுது." அப்புறம் டார்ச் அடித்துச் சீட்டைப் பார்த்தார். ஏறும்போது நகம் பட்டு ஒரு விரல் நீளத்துக்குக் கவர் கிழிந்திருந்தது. அரை மணி நேரம் பேசினார். வண்டிக்கு வேறு ஆள் பார்க்கலாமா என்றுகூடக் கேட்டார், என்னிடமே.

ஜூன் 19, வெள்ளி

நகத்துக்கு வழி கண்டுபிடித்தேன். மேகலா அக்கா பையன் இனியனுக்கு எட்டு மாசம். அவனுடைய சாக்ஸ் நாலு எடுத்து வைத்திருக்கிறேன், வாத்துப் படம் போட்டது. பட்டாணி காலில் மாட்டி ரப்பர் பேண்டு போட்டால் கவர் கிழியாது. தார்ப்பாய் கிடையாது. வேறு துணி தேடலாம், கட்டலாம், அவிழ்க்கலாம். யார் அந்த வேலை பார்ப்பது.

மருதாயி அக்காவுக்கும் போன் பண்ணி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

"தனியா இருந்துக்குமா தம்பி?"

"நான் பாத்துக்கறேன்க்கா. நீங்க எதுக்குக் குடலைப் புடுங்கிட்டு வர்றீங்க?"

பாவம் பார்த்துச் சொன்னதாக நினைத்துக்கொண்டது. நன்றி வேறு சொன்னது.

ஜூன் 20, சனி

மூன்றாவது ஊசி. விசேஷம் ஒன்றுமில்லை. திரும்பி வரும்போது மழை.

டீச்சர் வீட்டில் இறக்கி விட்டபோது பட்டாணி வராந்தாவில் வழுக்கி உட்கார்ந்துவிட்டது. மருதாயி அக்கா அப்போதுதான் தரை துடைத்திருந்தது. ஈரம்.

சீட்டில் ஒரு முடி இல்லை. மாமா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பரவால்ல மாப்ள" என்றார். இப்படிச் சொல்வது இதுதான் முதல் தடவை.

கீழே போட்டிருக்கும் ரப்பர் மேட்டை மட்டும் இரண்டு தடவை கழுவினேன். சாக்ஸைத் துவைக்கவில்லை. பாலத்தில் நிறுத்தி ஆற்றில் போட்டுவிட்டேன்.

ஜூன் 21, ஞாயிறு

மேகலா அக்கா வீடு முழுக்கச் சாக்ஸ் தேடினாள். நானும் கூடத் தேடினேன், கட்டிலுக்கு அடியில் எல்லாம்.

மத்தியானம் டீச்சர் மாமாவுக்குப் போன் பண்ணினார். பட்டாணி எழுந்திருக்கவில்லை, பின்னங்கால் ஊன்ற மாட்டேன் என்கிறது. மாமா போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைக் கேட்டார்.

"நேத்து வண்டில நல்லாத்தானே இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சுங்க மாமா. எறக்கி விட்டப்ப வழுக்குச்சு."

ஜூன் 22, திங்கள்

டீச்சர் வீட்டுக்குக் கேஸ் சிலிண்டர் இறக்கிக் கொடுக்க மாமா அனுப்பினார். பட்டாணி சாக்கு மேல் படுத்திருந்தது. என் சத்தம் கேட்டதும் முன்னங்காலாலேயே இழுத்து இழுத்துக் கட்டிலுக்கு அடியில் போனது.

மருதாயி அக்கா கண் வீங்கியிருந்தது. சமையல்கட்டு வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டது.

"நாந்தான் தம்பி கெடுத்துட்டேன். நாய் வர்ற நேரம் தெரிஞ்சும் பினாயில ஊத்தித் தொடச்சேன். சளக்குன்னு உக்காந்துச்சே, நீயும் பாத்தியல்ல?"

"பாத்தேன்க்கா."

"கால ஊன்னுச்சா, இல்ல ஊன்றதுக்கு முன்னாடியே வழுக்குச்சா? ரெண்டு நாளா அதையேதான் யோசிக்கறேன்."

"ஈரம் காயறதுக்கு முன்னாடி வந்துட்டோம்க்கா. பாத்துத் தொடைச்சிருக்கணும்."

இதை நான் ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. சும்மா நின்றிருந்தால் போதும். யாரும் என்னைக் கேட்கவில்லை.

ஜூன் 25, வியாழன்

பொள்ளாச்சியில் எக்ஸ்ரே எடுத்தோம். மருதாயி அக்கா பின்சீட்டில் பட்டாணியை மடியில் போட்டுக்கொண்டு வந்தது. நாற்பது வளைவிலும் வாந்தி எடுக்கவில்லை. வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு வந்தது.

காலையில் டீச்சர் வீட்டில் பட்டாணியை ஏற்றப் போனபோது என்னைப் பார்த்து உறுமியது. அப்புறம் அப்படியே மூத்திரம் விட்டது. "வண்டின்னா பயந்துக்குது" என்றார் டீச்சர்.

டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் காட்டினார். இடுப்புக் கிண்ணத்திலிருந்து தொடை எலும்பு வெளியே வந்து நிற்கிறது.

"இது என்னைக்கு ஆச்சு?"

"சனிக்கெழமைங்க" என்றது அக்கா.

"அஞ்சு நாளா? அன்னைக்கே கொண்டு வந்திருந்தா மயக்கம் குடுத்து அழுத்தி உள்ள தள்ளியிருப்பேன். இப்ப தசை இறுகிப்போச்சு. ஆபரேஷன்தான். பத்து வயசு வேற." என்னைத் திரும்பிப் பார்த்தார். "தரையில வழுக்குனதுக்கு இவ்வளவு ஆகறது கம்மி. எங்கயாவது மேல இருந்து விழுந்துச்சா? எங்கயாவது சிக்கிக்கிச்சா?"

என்னைத்தான் கேட்டார். வாய் திறந்தேன்.

"இல்லீங்க டாக்டர், வழுக்கித்தான். நாந்தான் தொடச்சு வெச்சிருந்தேன்" என்றது மருதாயி அக்கா.

வாயை மூடிக்கொண்டேன்.

ஜூன் 26, வெள்ளி

மழை. சவாரி இல்லை. எழுதவும் ஒன்றுமில்லை.

ஜூன் 27, சனி

சாப்பிடும்போது மாமா சொன்னார். டீச்சர் மருதாயி அக்காவை நிறுத்திவிட்டார். நாயைத் தொடாதே, கண் முன்னால் நிற்காதே என்று கத்தினாராம். டீச்சர் கத்தி யாரும் கேட்டதில்லை. அக்கா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லையாம். திங்கட்கிழமை பஸ்ஸில் திருப்பூர் போகிறது, பனியன் கம்பெனிக்கு. ஆபரேஷன் செவ்வாய்.

"அது இல்லாம அந்த நாய் மருந்துகூடக் குடிக்காது" என்றாள் மேகலா அக்கா. "போற போக்கப் பாத்தா பொழைக்காது போல."

பாதிச் சோற்றில் எழுந்து வந்துவிட்டேன்.

இருபதாம் தேதிப் பக்கத்தில் எழுதியது பொய். வழுக்கியது நிஜம், ஆனால் அதற்கு முன்னாலேயே ஆகிவிட்டது. யாரும் படிக்காத நோட்டில்கூட என்னால் நிஜம் எழுத முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

திரும்பி வரும்போது பட்டாணி நின்றுகொண்டே வந்தது. பாலித்தீன் மேல் சாக்ஸ். எண்ணெய் தடவின கண்ணாடியில் நிற்கிற மாதிரி. ஒவ்வொரு வளைவுக்கும் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வழுக்கிப் போய்க் கதவில் இடித்தது. கண்ணாடியில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பதினோராவது வளைவில் சிரித்தேன்கூட.

பதிமூன்றில் எதிரே பஸ். பிரேக் அடித்தேன். பட்டாணி முன்சீட்டு முதுகில் மோதிக் கீழே கால் வைக்கும் பள்ளத்தில் விழுந்தது. பின்னங்கால் ஒன்று சீட்டுக்கு அடியில் இரும்புக் கம்பியில் மாட்டிக்கொண்டது. கத்தியது. நாய் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

நிறுத்தியிருக்கலாம். வளைவு தாண்டினதும் ஓரம் கட்ட இடம் இருந்தது.

நிறுத்தவில்லை. அந்த நேரத்தில் நான் நினைத்தது இதுதான்: கீழே ரப்பர் மேட்டுதானே, கழுவிக்கொள்ளலாம். மேலே தூக்கி விட்டால் மறுபடி சீட்டு அழுக்காகும். கீழேயே கிடக்கட்டும்.

பாட்டுச் சத்தத்தைக் கூட்டினேன்.

டீச்சர் வீட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, முதலில் சாக்ஸைக் கழற்றினேன். அப்புறம்தான் காலைக் கம்பியிலிருந்து எடுத்தேன்.

ஜூன் 28, ஞாயிறு

காலையில் எஸ்டேட் ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டுக்குப் போனேன். மருதாயி அக்கா கட்டைப் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தது. உட்காரச் சொன்னது. நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சாக்ஸ், பஸ், கம்பி, பாட்டு, எல்லாம். ரப்பர் மேட்டை விட்டுவிட்டேன். அப்புறம் அதையும் சொன்னேன்.

அடிக்கும் என்று நினைத்தேன். ஒரு சேலையை மடித்து முடித்தது.

"எந்த வளைவுல?"

"பதிமூணுல."

"அங்கிருந்து நாப்பது வரைக்கும் அப்படியேவா வந்துச்சு?"

"ஆமாங்க்கா."

"நாப்பதுக்கு அப்புறமும்."

"ஆமா."

"கத்துச்சா?"

"பாட்டுப் போட்டிருந்தேன்."

"அதாங் கேக்கறேன். கத்துச்சா?"

"இருபது வரைக்கும் கத்துச்சுக்கா. அப்புறம் இல்ல."

அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்தது. அப்புறம் எழுந்து செருப்புப் போட்டது. "நட. இத டீச்சர்கிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நானே நம்ப மாட்டேன். எட்டு நாளா நாந்தான் பண்ணேன்னு இருந்துட்டேனே."

வழியில், டீக்கடைப் பக்கத்தில், முன்னால் போய்க்கொண்டிருந்த அக்கா திரும்பியது. "பாத்துத் தொடைச்சிருக்கணும்னு சொன்னியே. அதச் சொன்னப்ப என்னடா இருந்துச்சு உன்ற மனசுல?" பதிலுக்கு நிற்கவில்லை.

டீச்சர் வீட்டில் எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். நான் முடித்ததும் டீச்சர் என்னைப் பார்க்கவே இல்லை. அக்காவையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "அடுப்புல பால் வெச்சிருக்கேன் மருதாயி, பொங்கிரும்" என்றார்.

அக்கா வாசலிலேயே நின்றது. "எறக்கிடறேன். ஆனா கண் முன்னாடி நிக்காதன்னீங்களே டீச்சர், அது எனக்கு இன்னும் காதுலயே இருக்குது."

"எனக்கும் இருக்கு."

பால் பொங்கி வழிந்தது, வாசனை வந்தது. இரண்டு பேரும் அசையவில்லை. கடைசியில் டீச்சரே முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அதற்கப்புறம்தான் அக்கா அடுப்புக்கு ஓடியது.

வீட்டுக்கு வந்து மாமாவிடமும் சொன்னேன். கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"சீட்டுக்காகவாடா? நான் அப்படியாடா சொன்னேன்?"

அப்படித்தான் சொன்னார். ஆனால் நாயைக் கீழே போட்டுக்கொண்டு வா என்று சொல்லவில்லை. கண்ணாடியில் பார்த்தது அவர் இல்லை. அதனால், "இல்லீங்க மாமா" என்றேன்.

மேகலா அக்காவுக்குச் சாக்ஸ் விஷயம் தெரிந்தது. "என்கிட்டக் கேட்டிருந்தா போர்வையே ரெண்டு தந்திருப்பேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஜூன் 29, திங்கள்

கால் வைக்கும் பள்ளத்துக்கு அளவெடுத்துப் பலகை அறுத்தேன். கீழே செங்கல் முட்டுக்கொடுத்துச் சீட்டு மட்டத்துக்குப் பொருத்தினேன். அதன் மேல் என் இலவம்பஞ்சு மெத்தை. அதன் மேல் மேகலா அக்கா கொடுத்த போர்வை இரண்டு, முன்னும் பின்னும் தலையணைக் கம்பியில் இறுக்கிக் கட்டியது. நான் நாலு காலில் ஏறி உருண்டு பார்த்தேன். வழுக்கவில்லை. மாமா தூரத்தில் நின்று பார்த்தார். பக்கத்தில் வரவில்லை.

பலகை அறுத்ததைத் தவிர, கட்டி முடிக்க இருபது நிமிஷம்தான் ஆனது. மணி பார்த்தேன்.

ஜூன் 30, செவ்வாய்

யார் ஓட்டுவது என்று பேச்சு வந்தது. மாமா ஓட்டுகிறேன் என்றார். திருப்பூர் போகாமல் நின்றுவிட்ட மருதாயி அக்கா, "வேண்டாம், இவனே ஓட்டட்டும்" என்றது. மன்னித்துவிட்டது என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பட்டாணியைத் தூக்கக் குனிந்தேன்.

"கைய எடு."

எடுத்துவிட்டேன். அக்காவே தனியாகத் தூக்கி ஏற்றியது.

நாற்பதிலிருந்து இறங்கினோம். பாட்டு இல்லை. ஒவ்வொரு வளைவுக்கும் இரண்டாவது கியர், சில இடத்தில் முதல் கியர். பின்னால் வந்தவன் எல்லாம் ஹாரன் அடித்தான், ஒருத்தன் ஜன்னலை இறக்கி அம்மாவைச் சேர்த்துத் திட்டினான். பட்டாணி முனகினால் பின்னாலிருந்து அக்கா "ம்" என்னும். நிறுத்துவேன். "ம்" என்னும். எடுப்பேன்.

பதிமூன்றாவது வளைவில் அக்கா "ம்" சொல்லவில்லை. நானாகத்தான் ஓரம் கட்டினேன். இறங்கிச் சுவரோரம் போய் நின்றேன்.

"அழுவறதுன்னா ஆஸ்பத்திரில வந்து அழு" என்றது அக்கா உள்ளேயிருந்து. "அதுக்கு வலிக்குது. எடு வண்டிய."

எடுத்தேன்.

ஆபரேஷன் இரண்டரை மணி நேரம். எலும்பு மேல்முனையை வெட்டி எடுத்துவிட்டார்களாம். நடக்கும், ஆனால் சாய்ந்து சாய்ந்துதான் நடக்கும், ஓடாது என்றார் டாக்டரம்மா. எப்படி ஆனது என்று அவரிடமும் சொன்னேன். கேட்டுக்கொண்டு மருந்துச் சீட்டில் எழுதினார். தலை நிமிரவில்லை.

சாயங்காலம் வெளியே தூக்கி வந்து பெஞ்சில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். பின்னங்கால் முழுக்கக் கட்டு, நாக்கு வெளியே தொங்கியது. அக்கா ஒரு ஆளாகத் தூக்கிப் பார்த்தது, முடியவில்லை. கட்டுப் போட்ட காலை மடக்கக் கூடாது. சுற்றிப் பார்த்தது. வேறு யாரும் இல்லை.

"இடுப்புக்கு அடியில கை குடு. மெதுவா."

கொடுத்தேன். சூடாக இருந்தது. நினைத்ததைவிடக் கனம். மெத்தையில் வைக்கிற வரைக்கும் என் கையில்தான் இருந்தது, உறுமவில்லை, ஒதுங்கவில்லை.

மயக்கம் இன்னும் தெளியவில்லை. தெளிந்திருந்தால் விட்டிருக்காது.